பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊருக்குக் குடிபோனோம். என் மனைவிக்கு அங்கே ஒரு கல்லூரியில் கணிதம் நடத்தும் வேலை, மூன்று வருடத்துக்கு. எனக்கு வீட்டில் இருந்தபடியே செய்கிற கணினி வேலை. மகளுக்கு அப்போது நாலு வயது. அதற்கு முன்னால் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருந்தோம். அங்கே ஐந்து நிமிடத்தில் கறிவேப்பிலை கிடைக்கும், பூங்காவுக்குப் போனால் இரண்டு பேராவது தமிழில் பேசிக்கொண்டு நடப்பார்கள். நார்த்ஃபீல்டில் மொத்தமே சுமார் இருபதாயிரம் பேர், அதில் நாலில் ஒரு பங்கு கல்லூரிப் பிள்ளைகள். முனைவர் பட்டம் முடித்துவிட்டு அயோவா, ஒஹையோ, விஸ்கான்சின் என்று இந்த மாதிரி சின்ன ஊர்களுக்கு வேலை கிடைத்துப் போகிற நம் ஆட்கள் இப்போது நிறைய. போவதற்கு முன்னால் கூப்பிட்டு, "அங்கே எப்படி இருந்தீங்க, யார்கிட்ட பேசினீங்க?" என்று கேட்கிறார்கள். போனில் அரைமணி நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஊர், மாநிலத்தின் பெரிய நகரமான மினியாபொலிஸுக்குத் தெற்கே, காரில் முக்கால் மணி நேரம். கேனன் என்று ஒரு சின்ன ஆறு நடுவில் ஓடுகிறது. மேற்கே மேட்டின் மேல் செயின்ட் ஓலாஃப் கல்லூரி, நார்வேயிலிருந்து வந்து குடியேறிய லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1874ல் தொடங்கியது. கிழக்கே கார்ல்டன் கல்லூரி, அது 1866ல். நடுவில் டிவிஷன் தெரு என்ற ஒரே கடைத்தெரு. மாடுகள், கல்லூரிகள், மனநிறைவு, இந்த மூன்றும்தான் ஊரின் முத்திரை வாசகம். காரில் பத்து நிமிடம் எந்தப் பக்கம் போனாலும் சோளக்காடு, அல்லது சோயா, அல்லது மாட்டுப் பண்ணை.

போய் இறங்கிய மறுநாள் காலையில் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரி வாசனை. யார் வீட்டிலோ என்று நினைத்தேன். ஊர் முழுக்கவே அப்படித்தான் மணக்கிறது. மால்ட் ஓ மீல் என்று ஒரு கோதுமைக் கஞ்சி மாவு, 1919ல் பக்கத்து ஊரான ஓவடோனாவில் ஒருவர் உண்டாக்கியது, 1927ல் நார்த்ஃபீல்டில் ஆற்றங்கரை ஆலைக்கு வந்துவிட்டது. இப்போது ஊருக்குள் பெரிய தொழிற்சாலை, காலைச் சிற்றுண்டி சீரியல் வகைகள் செய்கிறார்கள். சில நாள் மால்ட் வாசனை, சில நாள் சாக்லேட் வாசனை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு நான் பேசிய முதல் பேச்சே இந்த வாசனையைப் பற்றித்தான். எங்கள் ஊரில் கோதுமை ரவையைத் தாளித்து உப்புமா என்று செய்வோம், உங்கள் கஞ்சி மாவும் அதுவும் கிட்டத்தட்ட பங்காளிகள் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஹ்ம், தட்ஸ் டிஃப்ரென்ட்" என்றார்.

அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கடுகு உளுத்தம்பருப்பிலிருந்து தொடங்கி உப்புமா செய்முறை முழுவதையும் சொன்னேன். பல மாதம் கழித்து மனைவியோடு வேலை பார்க்கிற ஒருவர்தான் விளக்கினார்: மினசோட்டாக்காரர் ஒரு விஷயத்தை "டிஃப்ரென்ட்" என்றாலோ "இன்ட்ரெஸ்டிங்" என்றாலோ, அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உன் மனம் நோகக் கூடாது என்று பொருள். "நாட் டூ பேட்" என்றால் பிரமாதம். "குட் பி வொர்ஸ்" என்றால் வாழ்க்கை நன்றாகவே போகிறது. "ஊஃப் டா" என்றால் நம் "அப்பாடி", "ஐயையோ" இரண்டும் சேர்ந்தது, நார்வேக்காரர்களோடு வந்த சொல். இந்த அகராதி இல்லாமல் அங்கே ஒரு வருடம் ஓட்டினால் மனிதர்களைத் தப்பாகவே புரிந்துகொண்டிருப்போம். நான் முதல் நாலு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

செப்டம்பர் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஊரே அதிர்கிற மாதிரி சைரன் ஊதியது. வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால் பெரியவரின் மனைவி பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். மாதாமாதம் முதல் புதன் ஒரு மணிக்கு மாநிலம் முழுக்க சூறாவளிச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்களாம். அன்றைக்கே அவர் எங்கள் வீட்டு நிலவறைக்கு இறங்கி வந்து, எந்த மூலையில் உட்கார வேண்டும், எந்த ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று காட்டிக்கொடுத்தார். "வாட்ச்" என்று அறிவித்தால் சூறாவளி வர வாய்ப்பு இருக்கிறது, வேலையைப் பார்த்துக்கொண்டே வானத்தையும் பார். "வார்னிங்" என்றால் கண்ணிலோ ராடாரிலோ பட்டுவிட்டது, அந்த நிமிடமே கீழே போ. ஒரு டார்ச்சும் செருப்பும் எப்போதும் கீழேயே இருக்கட்டும், கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு வெளியே வர முடியாது என்றார். இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். 20ஆம் தேதி சாயங்காலம் வானம் கரும்பச்சையாக மாறி, போன் அலறியது. மூன்று பேரும் கீழே போய் அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டோம். அன்றைக்குத் தெற்கு மினசோட்டாவில் பல இடங்களில் சூறாவளி இறங்கியது. எங்களுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டரில் இருக்கிற ஃபேரிபோ ஊரின் சின்ன விமான நிலையத்தில் கொட்டகைகள் நொறுங்கின, விமானங்கள் புரண்டன. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் அந்த அம்மா வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "டார்ச் இருந்துச்சா?"

அந்த அம்மாதான் ஊர்த் திருவிழாவுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர் மனிதர்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. 1876 செப்டம்பர் 7ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ், யங்கர் சகோதரர்கள் என்று பேர்போன கொள்ளைக்காரர்கள் எட்டுப் பேர் குதிரையில் வந்து டிவிஷன் தெருவிலிருந்த வங்கிக்குள் புகுந்தார்கள். அன்று காசாளர் பொறுப்பில் இருந்தவர் ஜோசப் லீ ஹேவுட். பெட்டகத்தைத் திற என்றார்கள், அவர் மாட்டேன் என்று நின்றார், சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்குள் வெளியே ஊர்க்காரர்கள் கையில் கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இரும்புக்கடைக்காரர் ஒருவர் தெருமுனையிலிருந்து சுட்டார், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த மருத்துவ மாணவர் ஒருவர் எதிரே ஹோட்டல் மாடி ஜன்னலிலிருந்து சுட்டார். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கொள்ளையரில் இருவர் தெருவிலேயே விழுந்தார்கள், யங்கர் சகோதரர்கள் இரண்டு வாரம் கழித்துப் பிடிபட்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே தெருவில், அதே வங்கிக் கட்டடத்துக்கு முன்னால், குதிரையும் வெற்று வேட்டுமாக அதை நடித்துக் காட்டுகிறார்கள். விழாவின் பெயரே ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோற்ற நாட்கள். கொள்ளைக்காரனின் பெயர் பலகையில் பெரிதாக இருந்தாலும் விருது ஹேவுட் பெயரில்தான், ஊருக்கு உழைத்த ஒருவருக்கு வருடந்தோறும் கொடுக்கிறார்கள்.

மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு நடுவில் ஒருவர் ஒன்றும் புரியாமல் நின்று சுற்றும் முற்றும் பார்க்கிறார், குண்டு பட்டு விழுகிறார். யார் அவர் என்று கேட்டேன். நிக்கோலஸ் குஸ்டாஃப்சன், சுவீடனிலிருந்து வந்தவர், கொள்ளையர்கள் தெருவை விட்டுப் போ என்று கத்தியது அவருக்கு இங்கிலீஷ் தெரியாததால் புரியவில்லை என்று சொல்வார்கள் என்றார் அந்த அம்மா. சில நாள் கழித்து இறந்துபோனாராம். சொல்லிவிட்டு என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தாவும் இங்கிலீஷ் தெரியாமல் வந்து இறங்கியவர்தானாம். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊர் அந்த மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

சரி, பேச்சுக்கு வருகிறேன். நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், வீடு சொந்தமா வாடகையா என்று ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடுவோம், அதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. அங்கே அப்படிக் கேட்டால் ஆள் ஒரு அடி பின்னால் போய்விடுவார். அங்கே வாசல் கதவு வானிலைதான். எனக்கு ஆரம்பத்தில் இது வெறும் சம்பிரதாயம் என்றுதான் தோன்றியது, தினமும் பார்க்கிற மேகத்தைப் பற்றித் தினமும் என்ன பேச்சு? ஒரு குளிர்காலம் போன பிறகு புரிந்தது, வானிலையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் உன் வீட்டுக் கூரையைப் பற்றி, உன் கார் பேட்டரியைப் பற்றி, உன் பிள்ளையின் கையுறையைப் பற்றிப் பேசுகிறார்கள். "இன்றைக்கு ராத்திரி காற்று வடமேற்கிலிருந்து வருமாம்" என்றால், "உன் வடக்குப் பக்கக் குழாய் உறைந்துவிடும், கொஞ்சம் சொட்டவிடு" என்று அர்த்தம். வாயைத் திறந்து அப்படிச் செய் என்று சொல்ல மாட்டார்கள். அறிவுரை சொல்வது அங்கே மரியாதைக் குறைவு.

இது தெரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். நவம்பரில் முதல் பனி விழுந்தது. அதற்கடுத்த ஒரு வாரம், பெரியவர் வேலியோரம் நின்று இரண்டு தடவை சொன்னார்: "அந்த முனை கொஞ்சம் வழுக்கும்." ஆமாம் ஆமாம் என்றேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையில் பனியை அள்ள வேண்டியது வீட்டில் இருக்கிறவர் பொறுப்பு. எடிசனில் அடுக்குமாடியில் இருந்ததால் எனக்கு அந்தப் பழக்கமே இல்லை, நகராட்சி வண்டி வந்து தள்ளும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடைபாதை சுத்தமாகத்தான் இருந்தது. எழுபத்து நாலு வயது மனிதர் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, தன் பக்கத்தை முடித்துவிட்டு என் பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது, ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் சீக்கிரம் விழித்தபோதுதான் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படி வெட்கப்பட்டது எனக்கு நினைவில்லை. அன்றே போய் ஒரு ஷவல் வாங்கினேன். மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து என் பக்கத்தையும் அவர் பக்கத்தையும் முடித்துவைத்தேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு அவர், "நாட் டூ பேட்" என்றார்.

எங்கள் ஆச்சி "மோர் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்" என்று கூரையைப் பார்த்துச் சொல்வாள், யாரிடமும் கேட்க மாட்டாள். மருமகள்கள் காதில் அது விழுந்தாக வேண்டும். அந்தக் காதை வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் முதல் நாளே எனக்குப் புரிந்திருக்கும். இங்கிலீஷில் சொல்கிறார்கள் என்பதால் சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுத்துக்கொண்டேன், அதுதான் தப்பு.

பனியைப் பற்றிக் கைக்கு உதவுகிற நாலு விஷயம். பனி விழுந்த உடனே, அது மாவு மாதிரி இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், இரண்டு பேர் மிதித்துவிட்டால் அது பாறை. தூக்கி வீசக் கூடாது, தள்ள வேண்டும், முதுகு பிடித்துக்கொள்ளும். மைனஸ் பத்து செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கல் உப்பு போட்டும் பெரிய பலன் இல்லை, மணலைத் தூவுவதே மேல், குறைந்தது கால் பிடிக்கும். நடக்கும்போது குட்டி எட்டு வைத்து, கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, பாதத்தைத் தட்டையாக ஊன்றி நடக்க வேண்டும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கிற மிட்டனில்தான் சூடு நிற்கும், பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக அதுவே. காரில் எப்போதும் பாதி டாங்க் பெட்ரோல், ஒரு கம்பளி, பேட்டரி செத்தால் இன்னொரு காரோடு இணைத்துக் கிளப்ப ஒரு ஜம்பர் கேபிள். பனி அவசரநிலை என்று அறிவித்த இரவில் தெருவில் காரை விடாதீர்கள், பனி தள்ளும் வண்டிக்கு வழிவிட இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

2019 ஜனவரி 30. மினியாபொலிஸில் மைனஸ் 28 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 33. காற்றோடு சேர்த்தால் ஃபாரன்ஹீட்டில் மைனஸ் ஐம்பதுக்கும் கீழே. மாநிலம் முழுக்க அன்று தபால் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டார்கள். மூக்குக்குள் இருக்கிற ஈரம் முதல் மூச்சிலேயே உறைந்து குத்துகிறது. மறுநாள் மனைவி கல்லூரிக்குக் கிளம்பினால் கார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது. நான் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. பத்து நிமிடத்தில் பெரியவர் தன் வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கேபிளை மாட்டிக்கொண்டிருக்கிறார். வேலை முடிந்ததும், "உள்ளே வாங்க, காபி சாப்பிடலாம்" என்றேன். "வேண்டாம், பரவாயில்லை" என்றார். சரி, வேலை இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். அவர் இன்னும் இரண்டு நிமிடம் கையுறையைப் போட்டுக்கொண்டே நின்றார், அப்புறம் போனார்.

ராத்திரி மனைவியிடம் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, ஒரு தடவை கேட்டுட்டா விட்டீங்க? இங்க மூணு தடவை கேக்கணுமாம். முதல் தடவை வேண்டாம்னு சொல்றது மரியாதைக்கு, ரெண்டாவது தடவை நம்ம நிஜமாத்தான் கூப்பிடறமான்னு பாக்கறதுக்கு, மூணாவது தடவைதான் சரின்னு சொல்வாங்களாம். எங்க டிபார்ட்மென்ட்ல சொன்னாங்க." கோவில்பட்டியில் அத்தை வீட்டுக்குப் போனால் நானும் அதைத்தானே செய்வேன், இரண்டாவது தடவையும் "வேண்டாம் அத்தை, இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை இலையில் உட்காருவேன். எடிசனில் ஏழு வருடம் இருந்து, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பழகிப்போயிருந்தது. ஆகவே அங்கே போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்: மூன்று முறை கேளுங்கள், உங்களைக் கேட்டால் இரண்டு முறையாவது தயங்குங்கள். அதேபோல் விருந்துக்குப் போனால் கிளம்புகிறேன் என்று சொல்லி ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடாதீர்கள். முதலில் முழங்காலில் தட்டிக்கொண்டு "வெல்" என்று இழுப்பார்கள், பிறகு எழுந்து நின்று ஒரு பேச்சு, கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சு, கார் ஜன்னலை இறக்கிவைத்து ஒரு பேச்சு. நல்ல விஷயங்கள் பெரும்பாலும் கதவுப்பிடியில்தான் வரும். எங்கே மீன் பிடிக்கலாம், எந்தக் குழந்தை மருத்துவர் பொறுமையானவர், யார் வீட்டில் பழைய குழந்தை சைக்கிள் சும்மா கிடக்கிறது என்று எல்லாம் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அந்தப் பிப்ரவரியில் ஒரே மாதத்தில் மினியாபொலிஸ் பக்கம் 39 அங்குலம் பனி, அதுவரை எந்தப் பிப்ரவரியிலும் அவ்வளவு விழுந்ததில்லை. அதைச் சொன்னால் உடனே வயதானவர்கள் 1991 ஹாலோவீன் பனிப்புயலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வேடம் போட்டு மிட்டாய் வாங்கக் கிளம்பிய சாயங்காலம் தொடங்கி 28 அங்குலத்துக்கு மேல் கொட்டியதாம். இளவரசி வேடத்துக்கு மேல் பார்க்கா கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன் என்று கடைக்காரப் பெண்மணி ஒருவர் சொன்னார். புதிதாகப் போகிறவர்கள் ஒருவரோடு பேச்சைத் தொடங்க வேண்டும் என்றால், அந்த இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது. என் பங்குக்கு நான் 1992 நவம்பரில் எங்கள் பக்கம் கொட்டிய மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் சொல்வேன். எத்தனை அடி, எத்தனை நாள் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டுக்கொள்வார்கள்.

கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்கள் இருக்கும்போது ஒரு ஊர், இல்லாதபோது வேறு ஊர். கார்ல்டனில் பத்து வாரத்துக்கு ஒரு பருவம், நவம்பர் கடைசியில் மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். அந்த ஆறு வாரம்தான் ஊர்க்காரர்களோடு பழக நல்ல சமயம், காபிக்கடையில் இடமும் கிடைக்கும், பேச ஆளும் கிடைக்கும். இரண்டு கல்லூரிக்கும் கால்பந்துப் போட்டி, அமெரிக்கக் கால்பந்து. ஜெயித்த கல்லூரியின் பக்கம் பார்க்கிற மாதிரி சதுக்கத்து நினைவுத்தூணின் மேல் இருக்கிற கழுகைத் திருப்பி வைப்பார்கள். 1977ல் ஒரே ஒரு ஆட்டத்தை கெஜக் கணக்கை விட்டு மீட்டரில் ஆடியிருக்கிறார்கள், செயின்ட் ஓலாஃப் 43-0 என்று ஜெயித்தது. செல்சியஸிலேயே யோசிக்கிற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மைனஸ் நாற்பதில் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும் என்று பெரியவரிடம் சொன்னபோது, பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கார் நின்றுபோன அந்த வாரமே அந்த அம்மா எங்களுக்கு ஒரு ஹாட்டிஷ் கொண்டுவந்தார். அடுப்பில் சுடவைத்து ஒரே பாத்திரத்தில் பரிமாறுகிற சாப்பாடு, வழக்கமாக மாட்டுக்கறியும் காளான் சூப்பும் மேலே உருளைக்கிழங்கு உருண்டையும் இருக்கும். நாங்கள் கறி சாப்பிட மாட்டோம் என்று எப்போதோ மகள் சொன்னதை நினைவு வைத்து, மினசோட்டா ஏரிகளில் விளைகிற காட்டரிசியும் காளானும் போட்டுச் செய்திருந்தார். காலியானதும் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அடியில் வெள்ளை ஒட்டுத்தாள், அதில் பேனாவால் அவர் பெயர். அடுப்புச் சூட்டில் தாளின் ஓரம் பழுப்பேறி, எழுத்து ஊதாவாக மங்கியிருந்தது, எத்தனையோ வீடுகளுக்குப் போய்வந்த பாத்திரம். அடுக்களை மேல்தட்டில் இருந்த எவர்சில்வர் தூக்கை எடுத்து மனைவி பக்கத்தில் வைத்தாள். அதில் என் அம்மாவின் பெயர், பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டியது. போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஏய்யா, வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்திராத" என்றாள். கேசரி கிண்டி வைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, இங்கேயும் வெறுமையாகத் தர மாட்டோம் என்றார். அதற்கப்புறம் அந்தக் கண்ணாடிப் பாத்திரமும் எங்கள் தூக்கும் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. தூக்கில் வெட்டியிருந்த எழுத்தைப் பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றும் என்ன ஒலி என்று கேட்டிருக்கிறார்.

2019 அக்டோபரில் அந்த அம்மா இறந்துபோனார். நோய் என்று கோடையிலேயே தெரியும், "குட் பி வொர்ஸ்" என்றுதான் கடைசிவரை சொன்னார். தேவாலயத்தில் அடக்கப் பிரார்த்தனை முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் சாப்பாடு, காபி. அங்கே துக்க வீட்டில் என்ன பேசுவது என்று முன்பே ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தேன், நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உரக்க அழ மாட்டார்கள், இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். நான் டார்ச்சைப் பற்றிச் சொன்னேன். அந்த வாரம் தூக்கு நிறைய வெண்பொங்கல் செய்து, மிளகைப் பாதியாகக் குறைத்து, பெரியவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் அவரைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நவம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் தூக்கு, துலக்கித் துடைத்திருந்தது. திறந்து பார்த்தால் ஓட்ஸும் சாக்லேட்டும் போட்டுத் தட்டில் சுட்டு வெட்டுகிற பார்ஸ் என்ற இனிப்பு, ஓரங்கள் கருகி, அளவு சமமில்லாமல் வெட்டிய துண்டுகள். இறந்துபோன தன் மனைவியின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து அவரே செய்திருக்கிறார்.

"உள்ளே வாங்க, காபி போடுகிறேன்" என்றேன்.

"இல்லை, உங்களுக்குச் சிரமம்."

"சிரமம் ஒன்றும் இல்லை, வாங்க."

"சாப்பாட்டு நேரம், நான் இன்னொரு நாள்..."

"ஒரு காபிதான். வாங்க."

பூட்ஸைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார். மகள் அவர் பக்கத்து நாற்காலியில் ஏறிக்கொண்டாள். பாலைக் காய்ச்சும்வரை ஜன்னல் வழியாக வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை பனி வருமாம்" என்றார்.

"நாலு அங்குலம் என்கிறார்கள்" என்றேன். "உங்கள் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."